பண்டாரியின் தட்டு

தட்டை நீட்டியதும் முன்வரிசையில் இருந்தவர் பார்க்காமலே கையைக் கொண்டுவந்தார். விரல்கள் எதையோ தடவின. தேடியது அகப்படாமல் நின்றன. அப்புறம்தான் குனிந்து பார்த்தார். தட்டில் பீடி இல்லை, புகையிலை இல்லை. கண்ணாடித் தாள் சுற்றிய ஆரஞ்சு மிட்டாய்கள் குவிந்து கிடந்தன. ஓரத்தில் ஒரு பிடி சோம்பு.

“என்ன பண்டாரி இது?”

“எடுத்துக்கிடுங்க. இனிமே இதான்.”

“இதான்னா? துஷ்டி வீட்டுலயா?”

பந்தலில் இருந்த தலைகளெல்லாம் திரும்பின. அம்புரோஸ் அடுத்தவரிடம் தட்டை நகர்த்தினார். அவர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். அதற்கு அடுத்தவரும் அப்படியே. நாலாவது நாற்காலிக்குப் போவதற்குள், இறந்துபோன ஜெபசீலனின் தங்கச்சி தலைமுடி அவிழ்ந்து தொங்க வெளியே வந்துவிட்டாள்.

“ஏ அம்புரோசு, எங்கண்ணன் செத்ததுக்கு ஊருக்கெல்லாம் முட்டாய் குடுக்கியா? என்ன, ஞானஸ்நானமா நடக்கு இங்கன?”

அவள் கை தட்டின் அடியில் பட்டது. மிட்டாய்கள் பந்தல் முழுக்க உருண்டன. இரண்டு, சவப்பெட்டி வைத்திருந்த மேசைக்கு அடியில் போய் நின்றன. யாரும் குனியவில்லை. அம்புரோஸ் முழங்காலிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அறுபத்துமூன்று வயதிலும் அது பெரிய வலி இல்லை. பின்னாலிருந்து யாரோ, “சம்பளம் வாங்குதாம்லா, பொறுக்கட்டும்” என்று சொன்னதுதான் வலித்தது.

சம்பளம் வாங்கியது உண்மை. அந்த வருஷம் தைமாதத்திலிருந்து வாங்கிக்கொண்டிருந்தார்.

சவுக்குத்துறையில் அவரை அம்புரோஸ் என்று கூப்பிடுகிறவர்கள் குறைவு. கோபம் வந்தால்தான் அந்தப் பெயர் வரும். மற்ற நாளில் பண்டாரி. தோணியில் சமைக்கிறவனுக்குப் பண்டாரி என்று பெயர். தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் கருங்கல் ஜல்லியும் ஏற்றிப் போன தோணி ஒன்றில் இருபத்தாறு வருஷம் சமைத்தார். தோணியை நடத்தியவர் பால்துரை. அவரைத் தண்டல் என்பார்கள். தோணிக்குத் தண்டல் சொன்னதுதான் சட்டம்.

தோணியின் குசினி பின்பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. உள்ளே மணல் பரப்பி, மணல் மேல் அடுப்பு. தோணியில் நெருப்பு இருக்கலாம் என்ற இடம் அது ஒன்றுதான். பாய், கயிறு, தார் பூசிய பலகை, எல்லாமே பற்றிக்கொள்ளக் காத்திருக்கிற சாமான்கள். அதனால் பால்துரை ஒரு விதி வைத்திருந்தார். யார் மடியிலும் தீப்பெட்டி இருக்கக் கூடாது. பீடி வேண்டுமென்றால் பண்டாரிதான் தர வேண்டும். அதுவும் நாளைக்கு ஒருதரம், சாயங்காலம் செபமாலை சொல்லி முடித்த பிறகு.

செபமாலை முடியும். நீலக்கரை போட்ட பீங்கான் தட்டில் தலைக்கு ஒரு பீடி வைத்து, இடுக்கியில் ஒரு நெருப்புக் கங்கையும் பிடித்துக்கொண்டு அம்புரோஸ் குசினியிலிருந்து வருவார். தண்டலுக்கு முதலில் இல்லை. சுக்கான் பிடிப்பவனுக்கு முதலில், தண்டலுக்குக் கடைசியில். அதுவும் பால்துரை வைத்த விதிதான். பீடி வேண்டாத ஒருவன் இருந்தான், வேம்பார்க்காரன். அவனையும் விட்டுப் போகக் கூடாது. தட்டை நீட்ட வேண்டும். அவன் இரண்டு விரலால் தட்டின் விளிம்பைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்வான். அந்த நேரத்தில் கடல் மஞ்சளாக இருக்கும். ஒருத்தரும் பேசமாட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் அடித்துக்கொண்டவர்கள்கூட ஒரே கங்கில் பற்றவைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

அம்புரோஸ் பீடி குடித்ததில்லை. குடிக்கத் தோன்றியதுமில்லை. அத்தனை பேர் முகமும் ஒவ்வொன்றாகத் தளர்வதை நின்றபடி பார்ப்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

தோணியை உடைத்து விற்றபோது ஆளுக்கு ஒரு சாமான் எடுத்துக்கொண்டார்கள். அவர் தட்டை எடுத்துக்கொண்டார். கரைக்கு வந்த முதல் வருஷம் ஒரு துஷ்டி வீட்டில் பீடித் தட்டை யார் கொண்டுபோவது என்ற பேச்சு வந்தது. “பண்டாரி இருக்காம்லா, அவன்ட்ட குடு” என்றார்கள். அன்றிலிருந்து ஊரில் எந்தச் சாவென்றாலும் துக்க மணி அடித்த கொஞ்ச நேரத்தில் அவர் தட்டோடு போய்விடுவார். பீடிக்கட்டு, நறுக்கிய புகையிலை, வெற்றிலை, பாக்கு. வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டே போவார். வேண்டியவர்கள் எடுப்பார்கள். வேண்டாதவர்கள் விளிம்பைத் தொடுவார்கள். தொடாமல் யாரும் இருப்பதில்லை. வேலித் தகராறில் கோர்ட்டுக்குப் போன அண்ணன் தம்பிகளும் அந்தத் தட்டைத் தொட்டார்கள்.

ராஹிலா வந்தது அந்தத் தட்டைக் கேள்விப்பட்டுத்தான்.

காயல்பட்டினத்துப் பெண். கணவர் துபாயில். மதுரையில் இருக்கிற ஓர் அறக்கட்டளைக்காகக் கரையோரம் பதினோரு பஞ்சாயத்துகளை ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டிருந்தாள். பஞ்சாயத்துத் தலைவி சண்முகசுந்தரிதான் அவளை அம்புரோஸ் வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

“அண்ணாச்சி, நாங்க சட்டம் போட வரல்ல” என்றாள் ராஹிலா. “சட்டம் ஏற்கெனவே இருக்கு. பள்ளிக்கூடத்துப் பக்கம் விக்கக் கூடாதுன்னு இருக்கு, சின்னப் பிள்ளைங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு இருக்கு. யாரு கேக்கா? ஊரே உக்காந்து பேசி, எங்க ஊருல இப்படித்தான்னு கிராமசபையில எழுதிக்கிட்டா கேப்பாங்க. அப்படிப் பேசுறதுக்கு ஒரு வருஷம் ஆகும். கூட்டம், மைக்செட்டு, நோட்டீசு, வக்கீல், அலையுறதுக்கு ஒரு ஆளு. அந்தச் செலவு எங்களுது. தீர்மானம் ஒழுங்கா வந்தா அடுத்த வருஷம் மாசாமாசம் டாக்டர் வந்து வாய், தொண்டை எல்லாம் பாப்பாங்க. அதும் எங்க செலவு.”

“பீடிய ஊருக்குள்ள கொண்டுவாரதுக்குச் செலவழிச்சவங்கள நான் பாத்திருக்கேன்” என்றார் அம்புரோஸ். “வெளிய அனுப்புததுக்குச் செலவழிக்கவங்கள இப்பத்தாம்மா பாக்கேன்.”

அவர் சிறுவயதில் பீடிக் கம்பெனி வேன் ஒன்று வரும். கடற்கரையில் இரண்டு தோணித்தடி நட்டு வேட்டியை இழுத்துக் கட்டிப் படம் காட்டுவார்கள். இடைவேளையில் பெண் வேஷம் கட்டிய ஒருவன் வேன் மேல் ஏறி ஆடுவான். ஆடி முடித்ததும் பச்சை நூல் கட்டிய பீடிக்கட்டுகளை மணலில் வாரி இறைப்பான். ஊரே விழுந்து பொறுக்கும். அப்பாவுக்கு அப்படிப் பொறுக்கிக் கொடுத்த கட்டு நன்றாக ஞாபகம் இருந்தது. அப்பா முகர்ந்து பார்த்துவிட்டு, “நல்ல தூளு” என்று அம்புரோஸின் தலையில் கை வைத்தார். அப்பா அப்படித் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

“அலையுற ஆளு நீங்கதான் அண்ணாச்சி” என்றாள் ராஹிலா. “உங்க கையால வாங்காத வீடு இந்த ஊருல இல்லையாமே.”

அது பாராட்டா குற்றமா என்று அம்புரோஸுக்குப் பிடிபடவில்லை. சரி என்றார்.

வீடு வீடாகப் போனார்கள். ராஹிலாவிடம் ஒரு படிவம் இருந்தது. வீட்டில் யார் புகைக்கிறார்கள், யார் மெல்லுகிறார்கள், யாருக்கு நோய் என்று கட்டம் கட்டமாக. அம்புரோஸுக்கு அந்தக் கட்டங்கள் போதவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அவர் இல்லாதவர்களைப் பற்றித்தான் சொன்னார். இந்த வீட்டில் அந்தோணி, சிவப்பு நூல் பீடி, பாதி குடித்து அணைத்துக் காதில் வைத்துக்கொள்வான், முப்பத்தொன்பது வயதில் போனான். இந்த வீட்டுக் கிழவி புகையிலைக்காரி, தட்டைக் கண்டால் ஆண்கள் பக்கமே வந்து ஒன்றுக்கு இரண்டாக எடுத்து முந்தியில் முடிவாள், கன்னம் ஓட்டையாகித்தான் போனாள். இங்கே இரண்டு பேர். மூத்தவன் துஷ்டியில் இளையவன் கைக்குத் தட்டை நீட்டினேன், ஆறு வருஷத்தில் அவன் துஷ்டிக்கும் நான்தான் வந்தேன்.

ராஹிலா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அவுக முகமெல்லாம் எனக்கு மறந்துக்கிட்டே வருது” என்றார் அம்புரோஸ். “கை மறக்கல. தட்டுக்கு வந்த கையெல்லாம் அப்படியே இருக்கு.”

அந்தத் தெருக்களில் நடந்த மாதங்கள் அவருக்கு விசித்திரமாக இருந்தன. ஊரைத் திருத்தப் போகிறோம் என்ற எண்ணமே வரவில்லை. தோணியின் ஆட்களை ஒருதரம் வரிசையாகப் பார்த்துவிட்டு வருவதுபோல இருந்தது. சாயங்காலம் வீடு திரும்பும்போது குசினிப் புகை வாசம் மூக்கில் ஏறியிருக்கும். வெங்காயம் வதங்கும் வாசம், கருவாடு, அதற்கு மேலே பீடி. வாசத்தை ரசித்துக்கொண்டே அதை ஒழிக்கச் சம்பளம் வாங்குகிறோமே என்று சில நாள் சிரித்துக்கொள்வார்.

மிட்டாய் யோசனை ராஹிலாவுடையது. பீடிக்குப் பதிலாக வாய்க்கு ஏதாவது இருக்கட்டும் என்றாள். ஜெபசீலன் துஷ்டிக்கு மறுநாள் அவளே வந்து வாசலில் நின்றாள்.

“எங்க பக்கம் மையத்து வீட்டுல தட்டுங்கிற பழக்கமே கிடையாது அண்ணாச்சி. எனக்குத் தெரியாமப் போச்சு. உங்களுக்காவது தெரிஞ்சிருக்கணும்லா?”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா கொண்டுபோனீங்க?”

“வெறுந்தட்டா கொண்டுபோகத் தைரியம் வரல்ல.”

ஊர்க் கூட்டங்களில் கேட்டதையெல்லாம் வைத்து ராஹிலாவும் சண்முகசுந்தரியும் தீர்மானத்தை ஐந்து பகுதிகளாக எழுதியிருந்தார்கள். ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு நூறு கஜத்துக்குள் விற்பதில்லை. இரண்டு, கடைகளில் புகையிலைப் பொட்டலச் சரம் தொங்கவிடுவதில்லை. மூன்று, கோயில் கொடைக்கும் மாதா திருவிழாவுக்கும் பீடி, சிகரெட் கம்பெனிகளிடம் எதுவும் வாங்குவதில்லை. நாலு, துஷ்டி வீடுகளில் பீடி, புகையிலை வழங்குவதில்லை. ஐந்து, மீன் ஏலக்கூடத்திலும் பஞ்சாயத்துக் கட்டடங்களிலும் புகைப்பதில்லை. ஐந்தும் நிறைவேறினால்தான் அடுத்த வருஷம் டாக்டர். காந்தி ஜெயந்தி கிராமசபையில் வாசித்துக் கை தூக்கச் சொல்ல வேண்டும். வாசிக்க வேண்டியவர் அம்புரோஸ்.

நாலாவதுதான் அவருக்குத் தொண்டையில் நின்றது. அதற்குக் காரணம் பால்துரை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தண்டல் வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. கட்டில் தலைமாட்டில் வைத்தார்கள். அது ஓடுகிற சத்தம் தோணி மோட்டார் சத்தம் மாதிரியே இருக்கிறது என்று பால்துரை சொன்னார். பீடியை அன்றோடு விட்டுவிட்டார். “மூக்குல பைப்பு, வாயில பீடின்னா வீடே பத்திக்கிடும்லே. நானே போட்ட சட்டம்லா அது.” அப்புறம் மனைவி சலேத்தம்மாள் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து அம்புரோஸின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“ஏலே பண்டாரி. என் துஷ்டிக்குத் தட்டு வரணும். நீதான் கொண்டுவரணும். அந்தத் தட்டுதான்.”

“என்ன பேச்சு பேசுதிய தண்டலே.”

“வருமா, வராதா?”

“வரும்.”

அப்போது அறக்கட்டளையும் இல்லை, ராஹிலாவும் இல்லை. வாக்குக் கொடுத்துவிட்டார்.

கிராமசபைக்கு நான்கு நாள் இருக்கும்போது அம்புரோஸ் தீர்மானத்தைத் தண்டல் வீட்டுக்கு எடுத்துப்போய் வாசித்துப் பார்த்தார். எட்டாம் வகுப்புப் படிப்பு. சபையில் தடுமாறக் கூடாதே என்று. பால்துரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒவ்வொன்று முடிந்ததும் ஒரு விரலை மடக்கினார். நாலாவதை வாசிக்கும்போது அம்புரோஸின் குரல் இறங்கிவிட்டது. வாசித்து முடித்துவிட்டுத் தண்டல் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. விரல் மட்டும் மடங்கியது.

“அஞ்சு?” என்றார் பால்துரை.

ஐந்தையும் வாசித்தார். அப்புறம் மெஷின் சத்தம்தான். தண்டலுக்கு மனசு ஒடிந்துவிட்டது என்று அம்புரோஸ் முடிவுசெய்தார். வீட்டுக்கு நடந்துவருகிற வழியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. தாளில் ஐந்தும் அச்சடித்தபடி இருக்கட்டும். சபையில் நாலை மட்டும் வாசிக்காமல் தாண்டிவிடலாம். கூட்டச் சத்தத்தில் யாருக்குத் தெரியப் போகிறது? ஊர் கை தூக்கும், கையெழுத்துப் போடும். டாக்டர் வருவார். நாலாவது ஒன்று இருப்பது ஊருக்கே தெரியாது. தண்டல் துஷ்டிக்குத் தட்டு வரும். கடலில் அரிசி குறைந்தபோது கஞ்சியில் தண்ணீரைக் கூட்டிச் சமாளித்த பண்டாரிக்கு அது பெரிய தப்பாகத் தெரியவில்லை.

காந்தி ஜெயந்தி அன்று பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். மைக் ஒரே கொர கொர. சண்முகசுந்தரி வரவேற்றுப் பேசினாள். தெருவிளக்கு, குடிதண்ணீர், நூறுநாள் வேலை எல்லாம் முடிந்து அம்புரோஸின் முறை வந்தபோது வெயில் ஏறிவிட்டது. தாளைப் பிரித்தார். பந்தலின் கடைசியில் ஓர் ஆட்டோ வந்து நிற்பதைப் பார்த்தார். சலேத்தம்மாள் இறங்கினாள். பின்னால், மடியில் ஒரு சின்ன சிலிண்டரோடு பால்துரை. ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொண்டார். வீட்டை விட்டு வெளியே வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஒன்று வாசித்தார். இரண்டு வாசித்தார். பெட்டிக்கடை ஜாய்சன் எழுந்தான்.

“பண்டாரிண்ணே, சரம் தொங்கவிடாம நான் என்னத்தத் தொங்கவிட? என் நாக்கையா?”

“ஷாம்பு தொங்கவிடுலே. நீயும் ஒண்ணு கிழிச்சுத் தேய்ச்சுக்கோ” என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தச் சத்தத்திலேயே மூன்றை வாசித்தார். மூச்சை இழுத்துக்கொண்டார்.

“மீன் ஏலக்கூடத்திலும் பஞ்சாயத்துக் கட்டடங்களிலும் யாரும் புகைப்பதில்லை.”

முன்வரிசையில் ராஹிலா நிமிர்ந்தாள். கையில் இருந்த தாளைப் பார்த்தாள், அம்புரோஸைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கடைசியிலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது. பலமில்லாத குரல்தான். ஆனால் காற்றில் பேசிப் பழகிய குரல்.

“நாலு எங்கலே?”

பந்தல் திரும்பியது.

“ஏலே பண்டாரி. அஞ்சு வாசிச்ச. நான் நாலு விரலுதான் மடக்கிருக்கேன். எங்க நாலு?”

அம்புரோஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோணியில் ஒருநாள் கடைசி ஆளுக்குச் சோறு குறைந்தபோதும் இப்படித்தான் குரல் வந்தது. அன்று தண்டல் தன் தட்டை அந்த ஆளிடம் தள்ளிவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் சுக்கானுக்குப் போனார்.

“வாசி” என்றார் பால்துரை.

“துஷ்டி வீடுகளில் பீடி, புகையிலை வழங்குவதில்லை.”

இந்தத் தடவை சிரிப்பு இல்லை. ஒரே நேரத்தில் பத்துப் பேர் எழுந்தார்கள். “செத்த வீட்டுல கூடவா?” “வாரவன் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கவா?” “போன தடவ முட்டாய், அடுத்த தடவ என்ன, ஐஸ்கிரீமா?” ஜெபசீலனின் தங்கச்சியும் எழுந்தாள். அவள்தான் அதிகமாகப் பேசுவாள் என்று அம்புரோஸ் எதிர்பார்த்தார். அவள், “முட்டாய் வேண்டாம்னுதான் நான் சொன்னது. பீடி வேணும்னு நான் சொல்லல்ல. எங்கண்ணன் எதுல செத்தாம்னு எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்டோவிலிருந்து பால்துரை கையைக் காட்டினார். சத்தம் தானாக அடங்கியது.

“தோணியில நாளைக்கு ஒண்ணுதான்னு சட்டம் வச்சது நான்” என்றார். நிறுத்தி மூச்சு வாங்கினார். “கரையில எறங்கின அன்னைக்கு அந்தச் சட்டத்தக் கடல்லயே விட்டுட்டு வந்தேன். எனக்குச் சட்டம் வைக்க ஆளு இல்ல. அவ்வளவுதான் விஷயம். கை தூக்குங்க.”

அவர்தான் முதலில் தூக்கினார். ஒரு கையால் மூக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தூக்கினார். பெண்கள் பக்கம் கைகள் முதலில் எழுந்தன. ஆண்கள் பக்கம் மெதுவாக, ஒருவர் மற்றவரைப் பார்த்தபடி. ஜாய்சன் தூக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. ஐந்தும் நிறைவேறியதாகச் சண்முகசுந்தரி மைக்கில் அறிவித்தாள்.

அம்புரோஸ் ஆட்டோவுக்கு ஓடினார். சலேத்தம்மாள் தண்டலின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்காகத்தான் தண்டலே விட்டேன்.”

“தெரியும்லே. அதுக்குத்தான் வந்தேன்.”

“அப்பம் தட்டு?”

பால்துரை சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார். அளவு காட்டும் முள் கீழே இருந்தது.

“வண்டிய எடு” என்றார் டிரைவரிடம். ஆட்டோ நகர்ந்த பிறகு தலையை வெளியே நீட்டினார். “அது உன் பாடு.”

அந்த ஐப்பசியில், முதல் மழை பெய்து விட்ட ஒரு காலையில் பால்துரை போய்ச் சேர்ந்தார். துக்க மணி அடிக்கும்போது அம்புரோஸ் கடையில் தேயிலை வாங்கிக்கொண்டிருந்தார். வயதைக் காட்டி எழுபத்துநாலு தடவை அடித்தது. முடியும்வரை அப்படியே நின்றார்.

வீட்டுக்குப் போய்ப் பரணிலிருந்து தட்டை எடுத்தார். விளிம்பில் நீலம் இரண்டு இடத்தில் உதிர்ந்திருந்தது. கழுவித் துடைத்துக்கொண்டு போனார். தண்டல் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஜாய்சன் நின்றிருந்தான். சட்டைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தட்டில் வைத்தான். சிவப்பு நூல் பீடி, பத்துக் கட்டு.

“தண்டலுக்காகண்ணே. இன்னைக்கு ஒருநாளைக்கு மட்டும். நாளைல இருந்து சட்டம். ஒருத்தனும் வாயத் தொறக்கமாட்டான்.”

அம்புரோஸ் பொட்டலத்தைக் கையில் எடுத்தார். எடை பழகிய எடை. மூக்குக்கு அருகே கொண்டுபோனார். மழை ஈரத்தில் தூள் வாசம் தூக்கலாக வந்தது. அந்த ஒரு மூச்சில் மாலத்தீவு, மஞ்சள் கடல், கங்கு பிடித்த இடுக்கி, சுக்கானில் நிற்பவனின் முழங்கை, வேம்பார்க்காரனின் இரண்டு விரல், எல்லாம் வந்தன. முகங்களும் வந்தன. மறந்துபோனதாக நினைத்த முகங்கள். சந்தின் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“என்னண்ணே?”

“ஒண்ணுமில்ல” என்று பொட்டலத்தை ஜாய்சன் கையில் திருப்பிக் கொடுத்தார். “அந்த ஆளு நாலு எங்கன்னு கேப்பாருலே.”

பந்தல் நிறைந்திருந்தது. சவப்பெட்டியில் பால்துரை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கையில் செபமாலை. மூக்கில் குழாய் இல்லாமல் பழைய தண்டலாக இருந்தார். அம்புரோஸ் முன்வரிசையின் முதல் நாற்காலிக்கு முன்னால் போய் நின்று தட்டை நீட்டினார்.

முதலில் இருந்தவர் தட்டைப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. நிமிர்ந்து அம்புரோஸைப் பார்த்தார். அம்புரோஸ் தட்டை எடுக்கவில்லை. பந்தலில் யாரோ இருமினார்கள். முதல் நாற்காலிக்காரர் வலதுகையைத் தூக்கி, இரண்டு விரலால் விளிம்பைத் தொட்டார்.

அடுத்தவர் தொட்டார். அடுத்தவரும். தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த, ஊர் விவரம் தெரியாத ஒருவர் தட்டில் எதையோ போட வேண்டுமாக்கும் என்று சட்டைப்பைக்குக் கை கொண்டுபோனார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து, “சும்மா தொடுங்க” என்றார். நாற்காலிகள் முடிந்து சுவரோரம் நின்றவர்களிடம் போனார். பெண்கள் பக்கம் தட்டு எப்போதும் போனதில்லை. சலேத்தம்மாள் சவப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து கையை நீட்டினாள். அம்புரோஸ் அங்கேயும் போனார்.

கடைசியில் சவப்பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். தண்டலுக்கு எப்போதும் கடைசியில்தான். தட்டின் விளிம்பைச் சவப்பெட்டியின் கட்டையில் ஒருதரம் தொட வைத்தார். எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

மறுநாள் காலையில் பால்துரையின் ஆத்துமாவுக்காகப் பூசை நடந்தது. அம்புரோஸ் போய்வந்தார். பத்து மணிக்கு ராஹிலா ஸ்கூட்டரில் வந்தாள். அடுத்த வருஷத்துப் பணத்துக்கான கடிதத்தில் அம்புரோஸிடம் ஒரு கையெழுத்து வேண்டும் என்றாள். போட்டார். பெயிண்டர் வந்து பஞ்சாயத்துச் சுவரில் ஐந்து தீர்மானங்களையும் எழுத ஆரம்பித்தார். மழை தூறியதால் இரண்டோடு நிறுத்திவிட்டுப் போனார். மத்தியானம் சலேத்தம்மாள் மெஷினை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஆள் அனுப்பினாள். அம்புரோஸ் அதை ஆட்டோவில் ஏற்றித் திருச்செந்தூர் கொண்டுபோய்க் கொடுத்து, ரசீது வாங்கி வந்தார். சாயங்காலம் கீழத்தெருவில் விட்டுப்போன ஏழு வீடுகளுக்குப் படிவத்தோடு போனார். நாலு வீட்டில் ஆள் இருந்தார்கள்.